இறந்தவர்களை எண்ணுவது எப்படி? போர்க்காலப் படுகொலைக் கணக்கைத் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்டனூரில் என் நண்பர் வீட்டை பங்கு பிரித்தபோது இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தைத் திறந்தார்கள். உள்ளே பர்மாக் கடைப் பேரேடுகள். நண்பரின் தாயாரை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு பேரேட்டை எடுத்து என் மடியில் வைத்து, "உங்க தாத்தாவோட அண்ணன் எங்க கடையிலதானே தம்பி இருந்தாக, பேரு இருக்கான்னு பாருங்க" என்றார்.

விஷு வருஷத்துச் சம்பளப் பக்கம் அது. மேலாள் பெயர், ஊர், சம்பளம். அடுத்தாள் பெயர், ஊர், சம்பளம். பெட்டியடிப் பையனுக்குக்கூட முழுப் பெயரும் தகப்பன் பெயரும் இருந்தன. கடைசி வரியில் "சமையலாள் ௨" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் என் பெரிய தாத்தா. மார்கழி மாதம், அதாவது 1941 டிசம்பர் 23-ஆம் தேதி, ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. மாசி முடிவதற்குள், 1942 மார்ச் 8-இல், ஊரே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. பேரேட்டில் அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளில் இருந்துதான் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, காரைக்குடிப் பக்கம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு மே மாதமும், 2009-இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் தமிழர்கள் கொல்லப்பட்ட முள்ளிவாய்க்காலின் நினைவு நாளில் எங்கள் மாவட்டத்து முகாம்களில் இருக்கும் ஈழத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "ஐயா, 7,000 என்கிறார்கள், 40,000 என்கிறார்கள், 1,46,000 என்கிறார்கள். எது சரி?" அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். படிப்பவர் இதை வைத்து ஒரு பட்டியலைத் தானே தொடங்கலாம். குறைந்தபட்சம், அடுத்த முறை ஓர் எண்ணைக் கேட்கும்போது அதை எப்படி உரசிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள். எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் யார், எப்படி இறந்தவர்கள். இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் உலகத்தில் நடக்கும் எண்ணிக்கைச் சண்டைகளில் நிறைய இந்தத் தாளை எழுதாததால் வருபவை.

சீனாவில் நான்கிங் நகரத்தில் ஜப்பானியப் படை 1937 டிசம்பரில் தொடங்கிய படுகொலையை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணை 2,00,000-க்கு மேல் என்றது. சீன அரசு 3,00,000 என்கிறது. மதில் சூழ்ந்த நகரத்துக்குள் மட்டும் எண்ணுவதா, சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ப்பதா? ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்தபின் சுடப்பட்ட சிப்பாயைச் சேர்ப்பதா, கூடாதா? இதற்குப் பதில் மாறினால் எண்ணும் மாறும். சரணடைந்தவரைக் கொன்றதும் படுகொலைதான் என்பது என் நிலைப்பாடு. அப்படி எண்ணினால் அதைத் தாளில் சொல்லிவிட வேண்டும்.

குண்டில் இறந்தவர், மருந்தில்லாமல் இறந்தவர், பட்டினியில் இறந்தவர், காணாமல் போனவர் என்று நான்கு பத்தி போடுங்கள். கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். முதலிலேயே கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

படி 2: உயிரோடு இருந்தவர்களின் கணக்கைத் தேடுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். செத்தவர்களை எண்ண வேண்டுமானால், முதலில் அவர்கள் உயிரோடு இருந்தபோது யாராவது அவர்களை எண்ணியிருக்க வேண்டும்.

செட்டிநாட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை ஒன்பது கோயில். கல்யாணம் ஆனால் கோயிலில் புள்ளி, அதாவது கணவன் மனைவி சேர்ந்து ஒரு கணக்கு. எந்த ஊரில் எத்தனை புள்ளி என்று கோயில் கணக்கு சொல்லும். அந்தப் புள்ளிகளில் ஒன்று கடல் கடந்து போய்த் திரும்பாவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கல்யாணம் ஆகாத பையன் அந்தக் கணக்கில் தனியாக வரமாட்டான். அந்த வீட்டோடு கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்துக்குப் போன சமையற்காரரும், காவலாளும், துணி வெளுப்பவரும் வரவே மாட்டார்கள். நல்ல கணக்குதான், ஆனால் யாரை எண்ணுவதற்காகப் போட்டார்களோ அவர்களை மட்டும்தான் அது எண்ணும்.

சயாம் மரண ரயில்பாதை இதற்குப் பெரிய சாட்சி. 1942-43இல் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குப் படைப்பிரிவுப் பட்டியல் இருந்தது, அதிகாரிகள் ஒளித்துவைத்துப் பதிவு எழுதினார்கள். இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் வெட்டிய கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர்கள், ஜாவானியர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் என ஏறத்தாழ 2,00,000 ஆசியத் தொழிலாளர்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் எண். அதற்குக் கீழேயும் மேலேயும் மதிப்பீடுகள் உண்டு. கைதிகளின் சாவு பெயர்வாரியாகத் தெரிகிறது. நம் ஆட்களின் சாவை ஆயிரக்கணக்கில் உருட்டித்தான் சொல்ல முடிகிறது. காலராவும் காடும் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் பட்டியல் இருந்தது, மறுபக்கம் இல்லை.

ஆகவே முதலில் தேடவேண்டியவை: ரேஷன் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் வருகை, சம்பளப் பதிவு), பள்ளி வருகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், கோயில் வரிக் கணக்கு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, கடைப் பேரேடு. சம்பவத்துக்கு முந்தைய தேதியில் எழுதப்பட்ட எதுவும் தங்கம்.

உயிரோடு இருந்தவர்களின் கணக்கைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை வடக்கு இலங்கையின் வன்னிப் பகுதியில், போரின் கடைசி மாதங்களில் பார்த்தோம். 2009 பிப்ரவரி வாக்கில் போர்ப்பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று இலங்கை அரசுத் தரப்பு சொன்னது. ஐ.நா. மதிப்பீடு 2,50,000. கடைசியில் உயிரோடு வெளியே வந்து முகாம்களில் பதிவானவர்களே 2,80,000-க்கு மேல். உள்ளே இத்தனை பேர்தான் என்று சொல்லும் எண்ணை வைத்துத்தான் அரிசியும் மருந்தும் அனுப்புகிறார்கள். அதே எண்தான் பிறகு சாவுக் கணக்கையும் சுருக்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

படி 3: ஒவ்வோர் எண்ணுக்கும் பிறந்த தேதி கேளுங்கள்

எண் கிடைத்தவுடன் மூன்று கேள்வி: யார் எண்ணியது, எந்தத் தேதி வரை எண்ணியது, எண்ணியவருக்கு அதில் என்ன லாப நஷ்டம்?

ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் உள்ளே இருந்தவர்களோடு தொலைபேசியில் பேசி, ஒரு செய்தியைப் பல வழிகளில் சரிபார்த்த பிறகே கணக்கில் ஏற்றியது. அப்படிச் சேர்த்ததுதான் 7,721 என்ற எண். அது 2009 மே 13 வரைக்கும் மட்டும். போர் முடிந்ததோ மே 18, 19-இல். கடைசி நாட்கள் அந்த எண்ணுக்குள் இல்லை. மேடையில் யாராவது "ஐ.நா.வே 7,721 என்றுதான் சொன்னது" என்றால், "எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள். அது சரிபார்க்க முடிந்த சாவுகளின் எண், நடந்த சாவுகளின் எண் அல்ல.

கொன்றவர்கள் எழுதிய எண்ணும் உண்டு. உக்ரைனில் கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டதாக நாஜிக் கொலைப்படையே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. இங்கே கொன்றவன் குறைத்துச் சொல்லவில்லை, வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி, மார்ச்சில் சீனர்களை வடிகட்டிக் கொன்ற படுகொலையில் அப்படிப் பட்டியல் கிடையாது. ஜப்பானியத் தரப்பு சுமார் 5,000 என்றது, சீனச் சமூகத் தலைவர்கள் 40,000, 50,000 என்றார்கள். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் (செட்டியார்களின் கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்களில்) இருந்த நம் ஊர்க்காரர்கள் வாழ்ந்ததும் அதே நகரத்தில்தான். 1962-இல் சிக்லாப் பகுதியில் எலும்புகள் குவியலாகக் கிடைத்தும் அந்த இடைவெளி இன்றுவரை மூடவில்லை.

மிகைப்படுத்தும் எண்ணையும் அதே கண்ணோடு பாருங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் எரிந்தபோது 2,00,000 பேர் இறந்ததாக நாஜிப் பிரச்சாரம் பரப்பியது. உள்ளூர்ப் பதிவில் இருந்த இருபதாயிரத்துச் சொச்சம் என்ற எண்ணின் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்திருந்தது. வரலாற்றாளர் குழு ஒன்று பல ஆண்டு வேலை செய்து 2010-இல் அதிகபட்சம் 25,000 என்று முடித்தது. 25,000 பேர் எரிந்து செத்தது சின்ன விஷயமா? பூஜ்யத்தைச் சேர்த்தவன் அந்த 25,000 பேருக்கும் துரோகம் செய்தான். பொய் வெளிப்பட்ட பிறகு, எதுவுமே நடக்கவில்லை என்று சொல்பவனுக்கு அது வசதியாகிவிடுகிறது.

படி 4: ஆட்களிடம் கேட்பது

"எத்தனை பேர் செத்தாங்க?" என்று யாரையும் கேட்காதீர்கள். குண்டு விழும் இடத்தில் யாரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. "ஆயிரக்கணக்கில்" என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை, பட்ட பயத்தின் அளவு அது.

முகாமில் ஓர் அம்மாவிடம் நான் முதலில் அப்படித்தான் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தேநீர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட முறை தப்பு என்று அப்போதே தெரிந்தது. அடுத்த வாரம் போனபோது, "அம்மா, அந்தப் பங்கருக்குள்ள உங்க பக்கத்தில யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டேன். அவர் கையைத் தரையில் வைத்து இடம் காட்டினார். "இதில அக்கா. இதில அக்காட மூத்தவன். வாசல் பக்கம் அவர். நான் சின்னவளோட உள்ளுக்கு." ஐந்து பேருக்கும் பெயர், வயது, காயம், யார் எந்த நாள் என்று வரிசையாக வந்தது. பக்கத்துப் பங்கரில் இருந்த நான்கு பேர் குடும்பத்தையும் சொன்னார். அந்தக் குடும்பத்தில் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அவர் சொல்லாவிட்டால் அந்த நான்கு பெயரும் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது.

இதை மறக்கவே கூடாது. வீடு வீடாகப் போய் "உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்?" என்று எடுக்கும் கணக்கில், முழுக்க அழிந்த வீடு பதில் சொல்லாது. அதனால் உறவினரைக் கேட்பதோடு பக்கத்து வீட்டாரையும் கட்டாயம் கேளுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். கண்ணால் பார்த்ததா, பார்த்தவர் சொல்லிக் கேட்டதா, ஊரில் பேசிக்கொண்டதா? மூன்றும் வேண்டும், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. பேச விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போய்ப் புண்ணைக் கிளறாதீர்கள், நல்ல நோட்டு எடுத்தால் ஒரு தடவை போதும்.

பயத்தையும் கணக்கில் எடுங்கள். ஜாலியன்வாலா பாக் போர்க்களம் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். 1919 ஏப்ரல் 13-இல் நடந்த அந்தச் சூட்டில் 379 பேர் என்பது அரசுக் கணக்கு, காங்கிரஸ் விசாரணைக் குழு ஏறத்தாழ 1,000 என்றது. "என் மகன் அங்கே இருந்தான்" என்று சொன்னாலே வீட்டுக்குப் போலீஸ் வரும் என்ற நிலையில் எத்தனை பேர் வந்து பெயர் கொடுப்பார்கள்?

படி 5: ஒரே ஆள் இரண்டு முறை, இரண்டு ஆள் ஒரு முறை

பட்டியல் நீளும்போது இந்தத் தலைவலி வரும். உதாரணத்துக்கு, ஒரு பட்டியலில் "மெ. முத்தையா, வயது 34, தேவகோட்டை" என்று இருக்கும். இன்னொன்றில் கடை விலாசத்தை, அதாவது கடையின் முதலெழுத்தைப் போட்டு "மூனா மேலாள்" என்று இருக்கும். மூன்றாவதில் "மெய்யப்பன் மகன், 35 இருக்கும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். நாலு அண்ணன் தம்பிகளின் மூத்த பிள்ளைகள் நாலு பேருமே முத்தையாவாக இருப்பார்கள். அதே வயது, அதே வளவு. பெயர் ஒன்று என்று சேர்த்துவிட்டால் மூன்று உயிரை அழித்துவிட்டீர்கள்.

அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், வயது, கடைசியாகப் பார்த்த இடம் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்தினால்தான் ஒன்று என்று கொள்ளுங்கள். வயதில் மூன்று நான்கு வருஷம் முன்பின் இருக்கட்டும். பெண்களுக்குப் பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டையும் எழுதுங்கள். எக்செலில் சேர்த்த வரிகளை அழிக்காமல் பக்கத்தில் "இன்ன எண்ணோடு சேர்த்தது" என்று குறித்து வையுங்கள். நான் முதலில் அழித்துவிட்டு, பிறகு இரண்டு வாரம் திரும்ப உட்கார்ந்தேன்.

எலும்பிலும் இதே சிக்கல் வரும். போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் கொன்று புதைத்தவர்கள், பிறகு தடயத்தை மறைக்க இயந்திரம் வைத்துத் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. மண்டையோட்டை எண்ணினால் ஒரு கணக்கு, தொடை எலும்பை எண்ணினால் வேறு கணக்கு. உறவினர் இரத்தத்தோடு டி.என்.ஏ. ஒப்பிட்டுத்தான் ஏறத்தாழ 7,000 பேரை அடையாளம் கண்டார்கள். அங்கே நினைவுக்கல்லில் இருக்கும் எண் 8,372.

படி 6: பட்டியலில் வராதவர்களை மதிப்பிடுவது

ஊருணியில் எத்தனை மீன் என்று தெரிய வேண்டும். ஒரு நாள் வலை போட்டு 60 மீன் பிடித்து, செதிலில் அடையாளம் போட்டு விட்டுவிடுகிறீர்கள். மறுபடி ஒரு நாள் 50 பிடிக்கிறீர்கள். அதில் 20 மீனில் அடையாளம் இருக்கிறது. அப்படியானால் 60-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 150. மொத்த மீன் ஏறத்தாழ அவ்வளவு.

இதே வழியில், தனித்தனியாக எடுத்த இரண்டு பட்டியல்களில் எத்தனை பெயர் பொதுவாக இருக்கிறது என்று பாருங்கள். பொதுவான பெயர் நிறைய இருந்தால் ஏறத்தாழ எல்லாரையும் பிடித்துவிட்டோம் என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் வெளியே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரு நாட்டின் உள்நாட்டுப் போரில் இறந்தவர்களைக் கணக்கிட அந்நாட்டு உண்மை ஆணையம் 2003-இல் இப்படித்தான் செய்தது. பெயரோடு கிடைத்தவை சுமார் 24,000. பட்டியல்களை ஒப்பிட்டு வந்த மதிப்பீடு 69,280. அந்த மதிப்பீட்டையும் கேள்வி கேட்டவர்கள் உண்டு.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் எது? இரண்டாவது பட்டியல்காரர் முதல் பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தால் பொதுப் பெயர் கூடிப்போய் விடை சிறுத்துவிடும். இரண்டு பட்டியலுமே ரோட்டோர ஊர்களில் மட்டும் எடுத்திருந்தால், உள் கிராமத்துச் சாவு எந்தப் பெருக்கலிலும் வராது. இரண்டு பட்டியலை வைத்து முடிவு சொல்லாதீர்கள். மூன்று நான்கு இருந்தால், புள்ளியியல் படித்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படி 7: கழித்தல் கணக்கு

மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தலை வைத்தார். 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் (மாவட்ட அரசு அலுவலகங்களின்) கணக்குப்படி மக்கள் 4,29,059. போர் முடிந்து 2009 ஜூலையில் அரசுப் பகுதிக்கு வந்து பதிவானவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று?

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். 1,46,679 என்பது கொல்லப்பட்டவர்களின் எண் என்று ஆயர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் என்றார். கச்சேரிக் கணக்கில் இரட்டைப் பதிவு இருக்கலாம், சிலர் வேறு வழியில் தப்பி வெளியேறியிருக்கலாம், சிலர் பிடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். எவ்வளவு என்று காட்டவேண்டிய பொறுப்பு பதிவேடுகளைக் கையில் வைத்திருப்பவர்களுடையது. கழித்தல் ஒரு கேள்வியைத்தான் பிறப்பிக்கும். அந்தக் கேள்வியை விடையாக மாற்றிப் பேசினால், ஆயர் கேட்டதன் கூர்மை போய்விடும்.

படி 8: எழுதும் முறை

ஒரே எண்ணை எழுதாதீர்கள். பெயரோடு உறுதியானது இத்தனை, மதிப்பீடு இத்தனையிலிருந்து இத்தனை வரை, தேதி இது, முறை இது என்று எழுதுங்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி நான் எழுதுவது இப்படி: "ஐ.நா. சரிபார்த்தது, 2009 மே 13 வரை, 7,721. ஐ.நா. நிபுணர் குழு 2011-இல், பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. 2012-இன் ஐ.நா. உள்ளக ஆய்வு 70,000 வரை போகும் தகவல்கள் உண்டு என்றது. கணக்கில் வராதவர்கள் என ஆயர் கேட்டது 1,46,679." நான்கும் நான்கு வேறு கேள்விக்கான பதில்கள். கூட்டி நாலால் வகுத்துச் சராசரி எடுப்பது கணக்கு வாத்தியாரான எனக்கே பொறுக்காத தப்பு.

எண் பிறகு குறைந்தால் பதறாதீர்கள். போஸ்னியாவில் போர்க்காலத்தில் 2,00,000 என்றார்கள். ஆண்டுக்கணக்கில் பெயர் பெயராகச் சேர்த்தபோது ஏறத்தாழ 1,00,000 என்று வந்தது. இன்று அந்தப் பட்டியலை அசைப்பது கடினம், ஏனென்றால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

படி 9: பத்திரம்

பட்டியலில் இறந்தவர் மட்டும் இல்லை, சொன்னவரும் இருக்கிறார். சொன்னவர் பெயரைத் தனி நோட்டில், எண் போட்டு வையுங்கள். அவர்களுடைய உறவினர்கள் இன்னும் அந்த நாட்டில் இருக்கலாம். போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் சுற்றவிடாதீர்கள். காகிதப் பிரதி ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஓட்டு வீட்டில் மழைக்காலம் எப்படி என்று நமக்குத் தெரியும், கரையானும் சும்மா இருக்காது.

1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்த நம் மக்கள் நாலைந்து லட்சம் என்கிறார்கள். டவுங்கப் கணவாயிலும் டமு வழியிலும் இறந்தவர்கள் 10,000 முதல் 50,000 வரை, இன்னும் கூடுதலாகவும் சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள், வழியில் வெட்டுப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் தொடங்கிய நோட்டில், கண்டனூர்ப் பேரேட்டிலிருந்து ஏழு வரிகள் ஏறியிருக்கின்றன. ஆறாவது வரியில் பெரிய தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது 26, கடைசிக் கடிதம் ரங்கூனிலிருந்து. ஏழாவது வரியை ஆச்சியிடம் படித்துக் காட்டினேன்: "சமையலாள், ஆண், பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, 1942 மாசிக்குப் பிறகு செய்தி இல்லை."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "பள்ளத்தூர்ப் பக்கத்து ஆளுன்னு எங்க அப்பத்தா சொல்லுவாக" என்றார். ஊர் என்ற இடத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் "கேள்வி" என்று குறித்திருக்கிறேன். அடுத்த வாரம் பள்ளத்தூர் போகிறேன்.